பதினோரு மணிக்குள் ஓர் ஆள்

மழை பிடித்துக்கொண்டு ஒன்பதாவது நாள். ஊரில் மற்றவர்களுக்கு மழை என்றால் குடையை எடுத்தால் தீர்ந்தது. லாண்டரிக்காரர் வீட்டில் அப்படியில்லை. மொட்டை மாடிக் கொடிகள் வெறுங்கயிறாய் நனைந்து தொங்க, துணியெல்லாம் கீழே இறங்கிவிடும். கடைக்குப் பின்னாலிருக்கும் அறையிலும், அதற்கும் பின்னாலிருக்கும் சமையலறையிலும், சாப்பிட உட்காரும் இடத்தில் தலைக்கு மேலேயும் ஈரம் தொங்கும். யாரோ ஒரு டாக்டரின் வெள்ளைக் கோட்டை ஒதுக்கிவிட்டுத்தான் சோற்றுத் தட்டைப் பார்க்க முடியும். உலர்த்தும் மெஷின் ஒன்று உண்டு. ஆறு மணி நேரம் ஓடும், ஏழாவது மணி நேரம் முனகும், எட்டாவதில் படுத்துவிடும்.

அந்த வீட்டில் இஸ்திரிப் பெட்டி கணவருடையது. முன்கடை மனைவியுடையது. துணியை வாங்குவது, பையைத் துழாவுவது, கழுத்துப்பட்டிக்கு உள்பக்கம், துவைத்தாலும் போகாத மையால் குறி எழுதுவது, ஆளுக்கு ஆள் பிரித்துக் கட்டுவது எல்லாம் அவள். இருபத்திரண்டு வருஷமாக ஊராரின் சட்டைப் பைகளைத் துழாவித் துழாவி அவளுக்கு ஒரு ஞானம் வந்திருந்தது. மனுஷன் வாயால் சொல்வது ஒன்று, பையில் வைத்திருப்பது ஒன்று. வெளியூர் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனவரின் பையில் உள்ளூர் சினிமா டிக்கெட் இருக்கும். சிகரெட்டை விட்டு ஆறு மாசமாச்சு என்றவரின் பையில் புகையிலைத் தூள் இருக்கும். அவள் எதையும் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு சின்ன டப்பாவில் போட்டுத் துணியோடு திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஆனாலும் தெரு அவளுக்கு ‘சி.ஐ.டி. அக்கா’ என்று பேர் வைத்துவிட்டது. “இவ வாயைத் திறந்தா இந்தத் தெருவுல நாலு வீடு எட்டாயிடும்” என்று கணவர் சொல்லிச் சிரிப்பார்.

அந்த ஒன்பதாம் நாள் காலையில் அவள் கை நுழைந்தது சொந்த மகளின் மழைக்கோட்டுப் பையில்.

மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம், வரலாறு. பத்தொன்பது வயது முடிந்தும் வீட்டில் பாப்பாதான். கோட்டுப் பையில் ஒரே நிறத்தில் மூன்று பேனாவும், நாலாக மடித்த காகிதம் ஒன்றும் இருந்தன. கோணல்மாணலான கையெழுத்து, பாப்பாவுடையது இல்லை. ‘சனி காலை எட்டரை. பஸ் ஸ்டாப்பில் நிற்பேன். கடைசி நிமிஷத்தில் கைவிட்டுடாதீங்க. உங்களை மட்டும்தான் நம்பி இருக்கேன்.’

அவள் அதை இரண்டு தரம் படித்தாள். பிறகு மடிப்பு கலையாமல் இருந்த இடத்திலேயே வைத்தாள்.

“ஏங்க, சனிக்கிழமை பாப்பாவுக்குக் காலேஜ் உண்டா?”

இஸ்திரிப் பெட்டிக்கு மேலே எழுந்த ஆவிக்குள்ளிருந்து பதில் வந்தது. “ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லுச்சே.”

“போன வியாழக்கிழமையும் ஸ்பெஷல் கிளாஸ். அன்னைக்குப் பொழுது சாயத்தான் வந்தா. வலது கை நடுவிரல் வீங்கி இருந்துச்சு. என்னடீன்னு கேட்டா, எழுதினேன்னா. எந்தக் கிளாஸ்ல அவ்வளவு எழுத விடறாங்க?”

“அவகிட்டயே கேட்டுடேன்.”

“கேட்டா பொய்தாங்க வரும். கேக்காம இருந்தாத்தான் உண்மை வெளிய வரும்.”

“தலையணை உறைங்க நாற்பது இருக்கு, ஆஸ்பத்திரிக்கு இன்னைக்குப் போகணும்” என்றார் அவர். பேச்சை முடிப்பதற்கு அவரிடம் எப்போதும் ஆஸ்பத்திரித் தலையணை உறை இருக்கும்.

சாயங்காலம் பாப்பா வந்து, தலைக்கு மேல் தொங்கிய போர்வையை ஒதுக்கி, அவித்த முட்டையை இரண்டாகப் பிட்டு அப்பா தட்டில் ஒரு பாதி போட்டாள். முகம் தெளிவாகத்தான் இருந்தது. அதுதான் தாய்க்காரிக்கு இன்னும் பயமாயிருந்தது. பொய் சொல்லிப் பழகாத முகம் திணறும், பழகிய முகம்தான் இப்படித் தெளிவாக இருக்கும் என்று அவள் கணக்குப் போட்டாள்.

சனிக்கிழமை காலை பாப்பா புறப்பட்டுப் பத்து எண்ணுவதற்குள் அவளும் குடையை எடுத்தாள். “சோப்புத்தூள் தீர்ந்துபோச்சு” என்றாள் கணவரிடம். முந்தின நாள்தான் ஒரு மூட்டை வந்து இறங்கியிருந்தது. அவர் மூட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி சட்டைக் காலரைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

பஸ் ஸ்டாப்பில் ஓர் ஆள் நின்றிருந்தான். முப்பத்து நாலு முப்பத்தைந்து இருக்கும். கறுப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, தோளில் பை. பாப்பா நேராக அவனிடம் போய் ஏதோ சொன்னாள். அவன் சிரித்தான். பாப்பா தன் முழங்கையை நீட்டினாள், அவன் பிடித்துக்கொண்டான். நட்டநடு ரோட்டில், ஊர் பார்க்க!

மருந்துக்கடைப் படியில் நின்ற தாய்க்காரி குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள். வயசு கொஞ்சம் முன்பின் இருந்தாலாவது மனசைத் தேற்றலாம், இவன் பாப்பாவைவிடப் பதினைந்து வயசு மூத்தவன். பஸ் வந்தது. இரண்டு பேரும் முன்பக்கம் ஏறினார்கள், அவள் பின்பக்கம் ஏறினாள். நாலாவது நிறுத்தத்தில் இறங்கியபோதுதான் அவன் கையில் மடக்கி வைத்திருந்த வெள்ளைக் கோல் விரிந்ததைப் பார்த்தாள். தரையைத் தட்டிக்கொண்டே நடந்தான். கண் தெரியாதவன்.

அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. வந்த மூச்சு உடனே நின்றது. கண் தெரியாதவன் என்றால் மட்டும் சந்தேகம் தீர்ந்துவிடுமா? இரக்கத்தைக் காட்டிக் காரியம் சாதிக்கிறவர்கள் எத்தனை பேர்!

இருவரும் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் போனார்கள். வாசலில் ‘தேர்வு நடைபெறுகிறது, அமைதி காக்கவும்’ என்று பலகை. அவள் உள்ளே நுழையப் பார்க்க, வாட்ச்மேன் கம்பைக் குறுக்கே நீட்டினார்.

“யாரும்மா நீங்க?”

“இப்போ ஒரு பொண்ணு போச்சே, அதோட அம்மா அண்ணே.”

“பொண்ணு பரீட்சை எழுதுதா?”

“அதுக்கு இன்னைக்குப் பரீட்சையே இல்லை.”

“பரீட்சை இல்லாம எதுக்கு உள்ள போச்சு?”

“அதைத்தான் நானும் கேக்க வந்திருக்கேன்.”

வாட்ச்மேனுக்கு இது மேலே சொல்ல வேண்டிய விவகாரமாகத் தோன்றிவிட்டது. அவளைத் தாழ்வாரத்து பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனார். முக்கால் மணி நேரம் போயிற்று. கீழே வழிந்த குடைத் தண்ணீர் கோலைப் போல நீண்டு அடுத்த அறை வாசல்வரை போயிருந்தது. அப்புறம்தான் கண்காணிப்பாளர் வந்தார். தலை நரைத்த மனிதர், சட்டைப் பையில் விசில்.

“சொல்லுங்கம்மா, என்ன விஷயம்?”

அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள், காகிதத்தில் இருந்ததைத் தவிர. அவர் பொறுமையாகக் கேட்டுச் சிரித்தார்.

“பயப்படாதீங்க. அந்தத் தம்பி பெரிய ஆஸ்பத்திரியில டெலிபோன் ஆபரேட்டர். தபால் மூலமா பட்டப்படிப்பு படிக்கிறார். கண் தெரியாதவங்க பதிலைச் சொல்லச் சொல்ல, கூட ஒருத்தர் உக்காந்து எழுதணும். ஸ்க்ரைப்னு சொல்வோம். உங்க பொண்ணு சும்மா, ஒரு பைசா வாங்காம வந்து எழுதுது. இந்தக் காலத்துல யாரு வர்றா? நல்லா வளத்திருக்கீங்க.”

அவளுக்குச் சந்தேகப்பட்டதற்குப் பிராயச்சித்தமாக மகளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட வேண்டும் போல் இருந்தது.

“சின்ன வயசுலேர்ந்தே அவ அப்படித்தான் சார். படிப்புலயும் கெட்டி. வரலாறுல அவதான் வகுப்புலயே முதல். ராத்திரி பகலா அதையேதான் படிப்பா.”

கண்காணிப்பாளரின் சிரிப்பு பாதியில் நின்றது.

“எதுல முதல்?”

“வரலாறுல சார்.”

“காலேஜ்ல வரலாறா படிக்கிறா?”

“ஆமா சார், ரெண்டாம் வருஷம்.”

அவர் அறைக்குள் போய் ஒரு தாளோடு வந்தார். “இதுல பன்னிரண்டாம் வகுப்பு முடிச்சிருக்கான்னு மட்டும் எழுதியிருக்கு. இப்ப என்ன படிக்கிறாங்கற இடம் காலி. அம்மா, இன்னைக்கு நடக்கிறதே வரலாறுப் பரீட்சை. அதே பாடம் படிக்கிறவங்க எழுதக் கூடாது. அப்புறம் பதில் யாரோடதுன்னு எப்படித் தெரியும்?”

“சார், அவ அப்படிப்பட்டவ இல்லை.”

“நீங்கதானே சொன்னீங்க, உங்ககிட்டயே பொய் சொல்லிட்டு வந்தான்னு?”

அவர் வேகமாக நாலாம் அறைக்குள் போனார். நாற்காலி இழுபடும் சத்தம். மெதுவான குரல்கள். பிறகு பாப்பா வெளியே வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அழவில்லை. சுவரில் சாய்ந்து நின்று, மை படிந்த விரலைத் தாவணி முனையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பின்னாலேயே ஆபரேட்டரும் சுவரைத் தொட்டுக்கொண்டு வந்தார்.

“எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும் நீங்க” என்றார் பாப்பாவிடம். குரலில் கோபம் இருந்தது. “நீங்க வரலாறுன்னு தெரிஞ்சிருந்தா கூப்பிட்டே இருக்கமாட்டேன். மூணு வருஷமா இந்தப் பரீட்சைக்கு அலையறேன். ரெண்டு தடவை எழுத வர்றேன்னவங்க வரலை, வாசல்லயே நின்னுட்டுத் திரும்பினேன். இது கடைசி வாய்ப்பு. இதுக்கப்புறம் பதிவே செல்லாது.”

“வேற யாரும் கிடைக்கலைண்ணா. காலேஜ்ல யார் யார் வர்றீங்கன்னு கேட்டப்போ நாற்பது பேர் கை தூக்கினாங்க. பேர் குடுத்தது பதினொண்ணு. முதல் நாள் வந்தது நான் ஒருத்திதான். நான் உண்மையைச் சொன்னா நீங்க அன்னைக்கும் வாசல்ல நின்னுருப்பீங்க. நான் ஒரு வார்த்தைகூடச் சொந்தமா எழுதலை. சத்தியமா.”

“எனக்குத் தெரியும். அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

கண்காணிப்பாளர் திரும்பி வந்தார். “முதல் பரீட்சையைப் பத்தியும் இதுவரைக்கும் எழுதினதைப் பத்தியும் நான் மேலே எழுதித்தான் ஆகணும், வேற வழியில்லை. இந்தத் தாளைத் தனியா உறை போட்டு ஒட்டிடறேன். இப்ப மணி பத்தேகால். உங்களுக்குக் கூடுதல் நேரம் சேர்த்து ஒன்றரை வரைக்கும் உண்டு. பதினோரு மணிக்குள்ள வேற ஓர் ஆளைக் கொண்டு வந்தா, முதல்லேர்ந்து எழுத விடறேன். வரலாறு படிக்காத ஆளா இருக்கணும். என்னால இவ்வளவுதான் முடியும்.”

பாப்பா செல்போனை எடுத்தாள். தாய்க்காரி பெஞ்சை விட்டு எழவில்லை. ஆனால் அந்தத் தாழ்வாரத்தில் போனின் மறுமுனைப் பேச்சுவரை எல்லாமே கேட்டது.

முதலில் வணிகவியல் படிக்கும் தோழி. “ஐயோ, வரணும்னுதான்டீ எனக்கும் ஆசை. எங்கப்பா கேட்டைப் பூட்டிட்டுப் போயிருக்காரு. யாருன்னே தெரியாத ஆள் கூட உக்காந்து எழுதப் போறியாங்கறாரு. நான் என்னடீ சொல்ல?”

அடுத்து அடுத்த தெருப் பையன், பாலிடெக்னிக். “கையெழுத்தெல்லாம் போடணுமா? ஆதார் நம்பரா? நாளைக்கு ஏதாவது பிரச்சினைன்னா போலீஸ் எங்க வீட்டுக்குத்தானே வரும்? எங்கம்மா செத்துருவாங்க. தப்பா நினைச்சுக்காதே.”

மூன்றாவது ஒருத்தி போனை எடுக்கவில்லை. அவள் அம்மா எடுத்தாள். “என்னம்மா, உனக்கு வேற வேலை இல்லையா? நீ கெட்டதுமில்லாம என் பொண்ணையும் கூப்பிடறியா? இதுல உனக்கு என்ன கிடைக்குது? உங்கம்மாவுக்குத் தெரியுமா இதெல்லாம்?”

பாப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். “தெரியும் ஆன்ட்டி” என்றாள். “பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க.”

இன்னும் நாலு பேர். ஒருவனுக்குக் காய்ச்சல். ஒருத்திக்கு மழை. வரமாட்டேன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் வர ஆசை. எல்லாருக்கும் பின்னால் ஓர் அப்பாவோ அம்மாவோ கதவை மறித்துக்கொண்டு நின்றார்கள். தாய்க்காரிக்கு அந்தக் கதவுகளெல்லாம் தெரிந்தவையாக இருந்தன. நிலை, தாழ்ப்பாள், பின்னால் நிற்கும் ஆள் எல்லாம் அச்சு அசல் தன் வீடு மாதிரியே.

ஆபரேட்டர் அவளிருந்த பெஞ்சின் மறுமுனையைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

“இங்க யாரோ இருக்கீங்க. அம்மாவா?”

“ஆமா தம்பி.”

“சந்தேகப்பட்டது தப்புன்னு சொல்லமாட்டேங்க. எனக்கொரு பொண்ணு இருந்தா நானும் படுவேன். ஆனா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆஸ்பத்திரி நம்பருக்கு எப்ப அடிச்சாலும் நான்தான் எடுப்பேன்.”

“அந்தக் காகிதத்துல ஏன் தம்பி அப்படி எழுதுனீங்க? கைவிட்டுடாதீங்கன்னு? பெத்தவ படிச்சா என்ன நினைப்பா?”

“எங்க ஆஸ்பத்திரி கேன்டீன்காரர் கையால எழுதி வாங்கினது. ரெண்டு தடவை கைவிட்டாங்க, அதான் சொன்னேன். அவர் ரெண்டு வரி சேத்துட்டாரோ என்னவோ. எழுதினதை நான் படிச்சுப் பாக்க முடியாதே.”

மணி பத்து நாற்பது. பாப்பா போனைப் பையில் போட்டுவிட்டாள். கூப்பிட இனி ஆளில்லை. மழை ஓட்டுக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. கடையில் இன்றைக்கும் நாற்பது தலையணை உறை காத்திருக்கும், கணவர் இரண்டு தரம் டீ போட்டுக் குடித்திருப்பார், அங்கே போய்விடலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. அவள் எழுந்தாள். கண்காணிப்பாளர் அறை வாசலில் போய் நின்றாள்.

“சார், நான் ஒன்பதாங்கிளாஸ். வரலாறு ஒண்ணும் தெரியாது. நான் எழுதலாமா?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “நீங்களா? இப்பதானே வந்து புகார் சொன்னீங்க?”

“புகார் இல்லை சார். கேட்டேன்.”

“எனக்கு ஒண்ணும் புரியலைம்மா. அந்தத் தம்பிக்கும் உங்க குடும்பத்துக்கும் என்ன? ஏதாவது சொந்தமா? இதுல உங்களுக்கு என்ன லாபம்?”

அந்தக் கேள்வி எவ்வளவு அசிங்கமானது என்று அது தன் மேல் வந்து விழுந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

“லாபம் ஒண்ணுமில்லை சார். நஷ்டம் என்னால வந்தது.”

மேலும் கீழும் பார்த்தார். அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. நாலு இடத்தில் கையெழுத்து வாங்கினார். பக்கத்திலேயே ஒரு கண்காணிப்பு டீச்சரை நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் அவள் பேனாவைத் திறந்தாள்.

“அக்கா, முதல்ல கேள்வியை வாசிங்க. நிதானமா.”

“ஒரு பேரரசு... வீழ்ச்சியடைவதற்கான காரணங்களை விவரி.”

“எழுதுங்க. பேரரசின் எல்லை விரிந்ததே அதன் முதல் பலவீனமாயிற்று. முற்றுப்புள்ளி. தலைநகரிலிருந்து ஓர் உத்தரவு கடைக்கோடி ஊருக்குப் போய்ச் சேர இரண்டு மாதம் ஆயிற்று.”

“ரெண்டு மாசமா?”

“அம்மா, பேசக் கூடாது” என்றாள் டீச்சர்.

“இல்லை, மாசமா மாதமான்னு கேட்டேன்.”

“மாதம்” என்றார் ஆபரேட்டர். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு ஓடியது.

துணியில் குறி போட்டுப் போட்டு வந்த கையெழுத்து அவளுடையது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, குண்டு குண்டாக நிற்கும். பக்கத்துக்கு ஒன்பது வரிதான் பிடித்தது. முதல் அரை மணி நேரத்திலேயே கூடுதல் தாள் கேட்டார்கள். டீச்சர் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். ‘ற’வா ‘ர’வா என்று அவள் தடுமாறும்போதெல்லாம் அவர் நிறுத்தி எழுத்துக் கூட்டிச் சொன்னார். சொன்னதைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். “அது நிர்வாகம் அக்கா, நிவாரகம் இல்லை.” அடித்து எழுதினாள்.

எழுத எழுத அவளுக்குள் ஒரு பழைய குணம் விழித்துக்கொண்டது. இவர் சொல்வது சரிதானா, அல்லது அடித்து விடுகிறாரா? உற்றுக் கேட்டாள். அந்த மனிதர் எங்கேயும் திணறவில்லை. வருஷம், போர், தளபதி, வாரிசுச் சண்டை என்று பல வருஷம் போனில் நம்பர் சொல்லிப் பழகிய குரல், சீராக, ஒரே வேகத்தில், அடுக்கிவைத்த துணியை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுவதுபோல நீட்டிக்கொண்டே போனது. இவ்வளவும் தலைக்குள் வைத்திருப்பவன் ஒரு சின்னப் பெண்ணிடமிருந்து எதைத் திருட வேண்டும்? இதைக் கண்காணிப்பாளரிடம் சொல்ல வேண்டும் என்று மனசில் குறித்துக்கொண்டாள்.

ஒன்று இருபதுக்கு டீச்சர் பத்து நிமிஷம் என்றாள். கடைசிக் கேள்வி, பத்து மதிப்பெண். அவர் இன்னும் வேகமாகச் சொன்னார். அவள் விரல் மரத்துப்போய்ப் பேனா ஒரு தரம் நழுவியது. நாலு வரி எழுதுவதற்குள் மணி அடித்துவிட்டது.

டீச்சர் தாளை உருவிக்கொண்டு போனபிறகு அவள் மெதுவாகக் கேட்டாள். “நான் மெதுவா எழுதினதாலதானே தம்பி, கடைசிக் கேள்வி போச்சு?”

“ஆமாக்கா” என்றார் அவர். பொய்யாகத் தேற்றவில்லை. “உங்க பொண்ணா இருந்தா முடிச்சிருப்போம்.” கோலை விரித்துக்கொண்டே கேட்டார். “திங்கக்கிழமை அடுத்தது. வருவீங்களா?”

“வர்றேன்.”

தாழ்வாரத்தில் பாப்பா இல்லை. முந்தின பஸ்ஸிலேயே போய்விட்டிருந்தாள்.

திங்களும் புதனும் தாய்க்காரி போய் எழுதினாள். வீட்டில் கணவர் முன்கடையையும் பார்த்து இஸ்திரியும் போட்டார். டாக்டரின் கால்சட்டை வக்கீல் வீட்டுக்குப் போயிற்று, வக்கீல் வீட்டுப் போர்வை எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. “நீ பரீட்சை எழுதறே, நான் ஃபெயிலாறேன்” என்று புலம்பினார். ஆனால் போக வேண்டாம் என்று சொல்லவில்லை.

கண்காணிப்பாளர் மேலே எழுதியதன் பேரில் விசாரணைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். தெரிந்ததைச் சொன்னாள், எழுதியும் கொடுத்தாள். மகள் செய்தது தப்புதான், மறைத்திருக்கக் கூடாது, ஆனால் அந்தத் தம்பிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் நான் என்று எழுதினாள். இரண்டு மாசம் நிறுத்தி வைத்திருந்த முடிவு மூன்றாம் மாசம் வந்தது. எல்லாவற்றிலும் தேறியிருந்தார், அந்தச் சனிக்கிழமைப் பாடத்தில் மட்டும் மூன்று மதிப்பெண்ணில் தப்பித்திருந்தார். ஆபரேட்டர் போன் செய்து சொன்னபோது அவள் கடையிலேயே கையைத் தட்டினாள். துணி கொடுக்க வந்தவர் பயந்துபோனார்.

பாப்பாவுடைய விஷயம்தான் சரியாகவில்லை. கல்லூரியில் விளக்கக் கடிதம் கேட்டார்கள். தொண்டர் பட்டியலிலிருந்து பேரை அடித்தார்கள், அடித்ததை வகுப்பில் வாசித்தார்கள். ‘சேவைக்குப் போய்ச் சேறு பூசிக்கிட்டவ’ என்று ஒருத்தன் சொல்ல, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். கேட்டைப் பூட்டிய அப்பாக்களெல்லாம் ‘பாத்தியா, நான் அப்பவே சொல்லலை?’ என்று மார் தட்டியிருப்பார்கள். அம்மாவிடம் அவள் பேசாமல் இல்லை. சாப்பிட வா என்றால் வந்தாள், துணி மடி என்றால் மடித்தாள். ஆனால் தானாக எதையும் சொல்வது நின்றுபோயிற்று. முன்பெல்லாம் தெருவில் யாராவது மூட்டை தூக்கத் திணறினால் இவள்தான் முதலில் ஓடுவாள். இப்போது ஜன்னலருகே நின்று பார்த்துவிட்டு, பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, உள்ளே வந்துவிடுகிறாள்.

மழை போய் வெயில் வந்திருந்த ஒரு சாயங்காலம் ஆபரேட்டர் மறுபடி போன் செய்தார். தெரிந்த பெண் ஒருத்திக்கு வியாழக்கிழமை பரீட்சை, பார்வை இல்லை, எழுத ஆள் இல்லை. “புள்ளியியல் பாடம்க்கா. குறியெல்லாம் வரும், உங்களுக்குக் கஷ்டம். பாப்பாவுக்கு அது வேற பாடம்தான், சட்டப்படி தடை ஏதும் இல்லை. கேட்டுப் பாக்கறீங்களா?”

தாய்க்காரி போனைக் கையால் பொத்திக்கொண்டாள். பாப்பா விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கேள்வி மேல் கேள்வி வந்தது.

“யாரு அந்தப் பொண்ணு?”

“தெரியாதுடீ.”

“அவங்க வீட்டுல யாராவது வருவாங்களா?”

“தெரியலை.”

“எத்தனை இடத்துல கையெழுத்து போடணும்? நாளைக்கு ஏதாவது பிரச்சினைன்னா எனக்காக யாரு வந்து நிப்பாங்க?”

“நான் வந்து நிக்கிறேன்டீ.”

பாப்பா விரிப்பின் இரண்டு முனையையும் ஒன்றாகச் சேர்த்தாள். “அன்னைக்கும் நீதாம்மா வந்து நின்னே” என்றாள்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். தாய்க்காரி போனை எடுத்து, “அப்புறம் சொல்றேன் தம்பி” என்றாள். மறுமுனையில் ஆபரேட்டர் எல்லாவற்றையும் கேட்டிருப்பார், அவருக்குக் காது கூர்மை. “சரிக்கா” என்றவர், அந்தப் பெண் எங்கே, எத்தனை மணிக்கு நிற்பாள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

அன்றிரவும் மறுநாளும் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று இல்லை, எடுத்தால் என்ன சொல்வதென்று தெரியவில்லை. போ என்றால் அதுவும் ஓர் உத்தரவு. வேண்டாம் என்றால் அது பழைய கதவு. புதன்கிழமை முழுக்கப் பாப்பாவின் முகத்தைப் பார்ப்பதும் பார்வையை விலக்குவதுமாக இருந்தாள். இந்தப் பிள்ளை மனசில் என்ன ஓடுகிறது என்று ஒன்றும் பிடிபடவில்லை. ஊர்ப் பைகளையெல்லாம் படித்தவளுக்கு அது புதுசாக இருந்தது, வலிக்கவும் செய்தது.

வியாழக்கிழமை காலை பாப்பா டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். ரொட்டித் துண்டு ஒன்றைக் காகிதத்தில் சுற்றினாள். செருப்பு மாட்டும்போது, அம்மா பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

“அந்தப் பொண்ணு எங்க நிக்கும்?”

“பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல. எட்டு மணிக்கு. பச்சைக் கலர் பை மாட்டியிருக்குமாம்.”

“ம்.”

“நான் துணைக்கு வரட்டுமாடீ?”

“வேண்டாம்மா.”

தெருவில் இறங்கி நடந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போக முனையில் இடது பக்கம் திரும்ப வேண்டும், கல்லூரிக்கு வலது பக்கம். தாய்க்காரி கடை வாசலில் இருந்தாள். முனைவரை பார்த்துக்கொண்டு நிற்கத்தான் கால் சொன்னது. அவள் திரும்பி உள்ளே போய், முதலில் வந்திருந்த துணி மூட்டையை அவிழ்த்தாள்.